நாம் காணும் விண்மீன்கள் இன்று உளவா?

மார்கழித் திருவாதிரை கழிந்து ஏழெட்டு நாள் இருக்கும். நிலவு நடுச்சாமத்தை அண்டியே எழும் நாள்களாகையால் முன்னிரவு நல்ல இருட்டாயிருந்தது. உயர்தர வகுப்பு மாணவர் பதினைந்து பேரைக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். தொலைநோக்கி எதுவும் எம்மிடம் இல்லை. இரண்டு பாய்களும், சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு ஒன்றும், ஒரு வான்படமுமே எமது ஆய்வுகூடம். தலைக்கு நேரே கார்த்திகைக் கூட்டம். அதற்குக் கிழக்கே செந்நிற ரோகிணி. அதற்கும் கீழே திருவாதிரை. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்த நாம், வழக்கம்போல அந்த வாக்கியத்தையும் சொல்லிவைத்தோம்: “நீங்கள் இப்பொழுது காணும் விண்மீன்களிற் பல இன்று உயிரோடில்லை. அவை இறந்துபோயின, ஒளி மாத்திரம் வந்துகொண்டிருக்கிறது.”

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “சேர், செத்துப்போன வெள்ளியளில ஒண்டைக் காட்டுங்கோ.”

கையை உயர்த்தினோம். உயர்த்திய கை எத்திசையிலும் நிற்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்புத்தோறும் சொல்லிவந்த வாக்கியத்துக்கு ஓர் உதாரணமும் எம்மிடம் இல்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. மற்றவர்கள் சிரித்தார்கள், கேட்ட பையன் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகவே பார்க்க விரும்பியிருந்தான். “பார்த்துச் சொல்லுகிறேன்” என்று கூறி அன்றைய இரவை முடித்தோம். எம்மிடம் கற்றோர் சிலர் இப்பகுதியை வாசிப்பதுண்டு. அவர்களுக்காகவும், அதே வாக்கியத்தை வேறெங்கேனும் கேட்டு நம்பியிருப்போருக்காகவும், பார்த்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

வாக்கியத்தின் முதற்பாதியிற் பிழையில்லை. ஒளிக்கும் பயண நேரம் உண்டு. அது விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் விரைகிறது; அஃதாவது, ஒரு விநாடியில் இப்பூமியை ஏழரை முறை சுற்றிவரும் வேகம். இவ்வளவு விரைவானதை விரைவற்றதென்று கண்டுபிடித்த வரலாறு சுவையானது. வியாழக் கிரகத்துக்கு அயோ என்றொரு சந்திரன் உண்டு. அது நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை தன் கிரகத்தைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுட் புகுந்து வெளிவரும். வானத்தில் தொங்கவிட்ட மணிக்கூடு என்றே அதனைக் கொள்ளலாம். ஆனால் பாரிசு வானாய்வகத்தில் இருந்த டென்மார்க்கு நாட்டவராகிய ஓலே ரோமர், அந்த மணிக்கூடு ஒழுங்காக ஓடவில்லை என்பதைக் கவனித்தார். பூமி வியாழனை அணுகும் மாதங்களில் அது முந்திற்று. விலகும் மாதங்களிற் பிந்திற்று. பிழை மணிக்கூட்டில் இல்லை, செய்தி வந்து சேர எடுக்கும் நேரத்திலேயே உள்ளது என்று அவர் கருதினார். 1676ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி நிகழவேண்டிய வெளிப்பாடு பத்து நிமிடம் பிந்தும் என்று இரண்டு மாதம் முன்னதாகவே அறிவித்தார். அது அவ்வாறே பிந்திற்று. பூமிப்பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு இருபத்திரண்டு நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. உண்மையில் அது பதினாறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அக்காலத்து மணிக்கூடுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதே பெரிது.

ஆகவே நாம் காணும் சந்திரன் ஒன்றே கால் விநாடிக்கு முந்திய சந்திரன். சூரியன் எட்டு நிமிடமும் இருபது விநாடியும் முந்தியது. சூரியனுக்கு அடுத்த விண்மீனாகிய புரொக்சிமா நாலே கால் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளியாண்டு என்பது காலமன்று, தூரம். ஒளி ஓராண்டிற் செல்லும் 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். (பரீட்சைத் தாள்களில் இதனைக் காலமென்று எழுதுவோர் ஆண்டுதோறும் உளர்.) 1977இல் ஏவப்பெற்ற வொயேஜர்-1 கலம் விநாடிக்குப் பதினேழு கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரை நூற்றாண்டை அண்டிய ஓட்டத்தின் பின்னும் அது கடந்திருப்பது ஒளியின் ஒருநாட் பயணத்தை அண்டிய தூரமே. அதே வேகத்தில் நாலே கால் ஒளியாண்டைக் கடக்க எழுபதினாயிரம் ஆண்டுக்கு மேலாகும்.

இத்தூரங்களை எவ்வாறு அளந்தார்கள் என்று கேட்பது மாணவரின் உரிமை. பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணாலும், பின் கண் மாற்றியும் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் பெயர்வது தெரியும். இரு கண்களுக்குப் பதிலாக, பூமிப்பாதையின் இரு ஓரங்களைக் கொண்டு, ஆறு மாத இடைவெளியில் ஒரு விண்மீனைப் பார்த்தால் அதுவும் அவ்வாறு பெயரவேண்டும். பெயர்ச்சி மிகச் சிறிது. 1838இல் பெசல் என்னும் செருமானியர் அன்னக் கூட்டத்திலுள்ள 61ஆம் எண் விண்மீனில் இதனை முதன்முதல் நம்பத்தக்கவாறு அளந்தார். அவர் கண்ட கோணம், காங்கேசன்துறையில் ஒருவர் பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை யாழ்ப்பாண நகரில் நின்று பார்த்தால் எவ்வளவு தோன்றுமோ அவ்வளவு. 2013 முதல் 2025 வரை விண்ணில் நின்று அளந்த கையா என்னும் ஐரோப்பியக் கலம், ஏறத்தாழ இருநூறு கோடி விண்மீன்களுக்கு இத்தகைய கணக்கை எடுத்திருக்கிறது. விந்தை யாதெனில், திருவாதிரையைப் போன்ற மிகப் பிரகாசமானவற்றை அளப்பதே அதற்குக் கடினம். மங்கலானவற்றுக்கென அமைந்த கருவியின் கண் அவற்றைக் கண்டு கூசிவிடும். ஆகவே கண்ணுக்கு நன்கு தெரியும் திருவாதிரையின் தூரத்தை இன்றும் 500 முதல் 700 ஒளியாண்டு என்று தளர்த்தியே சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒளி பழையது என்றால், அதனை விடுத்த விண்மீன் இறந்துவிட்டது என்று பொருளாகுமா?

கொழும்பில் இருக்கும் எண்பது வயதுப் பெரியப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. எழுதியது முந்தாநாள், வந்தது இன்று. கடிதம் பழையது என்பதற்காக வீட்டில் யாரும் அழத் தொடங்குவதில்லை. ஒரு மனிதனின் ஆயுளில் ஒன்றிரண்டு நாள் எம்மாத்திரம்? விண்மீன்களுக்கும் இக்கணக்கே. எமது சூரியனைப் போன்ற விண்மீனின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. அத்தகைய ஒன்று நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருந்தால், அதன் ஆயுளை எண்பது ஆண்டாகச் சுருக்கிப் பார்க்கையில், அதன் ஒளி இருபத்தைந்து விநாடிக்கு முன் எழுதிய கடிதமாகும். மை உலர்ந்திராது.

கூரிய கண்ணுக்கு நல்ல இருட்டில் ஒரே வேளையில் இரண்டாயிரம் மூவாயிரம் விண்மீன்கள் தோன்றலாம். அவற்றுட் பெரும்பாலானவை ஆயிரம் ஒளியாண்டுக்கு உட்பட்டவை. சிலவே சில ஆயிரத்தை எட்டுபவை. அவற்றின் ஆயுளோ கோடிக்கணக்கில் எண்ணப்படுவது. ஆதலால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் அனைத்துமே, அநேகமாக, இன்றும் இருக்கின்றன. “பல இறந்துவிட்டன” என்று நாம் பதினெட்டு ஆண்டு சொன்னது தவறு. கேட்பதற்குச் சோகமும் அழகும் கலந்த வாக்கியமாகையால், யாரும் அதனைக் கணக்குப் பார்க்கத் துணிவதில்லை, நாமும் பார்த்திலோம்.

திருவாதிரையை மட்டும் தனியே எடுத்துச் சொல்லவேண்டும். அது சூரியனிலும் பதினைந்து மடங்குக்குக் குறையாத பொருளைக் கொண்டு பிறந்த செம்பூதம். சூரியன் இருக்குமிடத்தில் அதனை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கின் பாதைகளையும் விழுங்கிவிடும். பெரிய அடுப்புக்கு விறகு விரைவில் தீரும். ஆகவே அதன் ஆயுள் ஒரு கோடி ஆண்டு அளவே, அதிலும் பெரும்பகுதி கழிந்துவிட்டது. எமது உவமையில் அது நோயுற்ற கிழவர் எழுதிய கடிதம். தபாலில் ஒன்றரை நாள் இருந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் தன் வழக்கமான ஒளியிற் பாதிக்கும் கீழே இறங்கிற்று. முடிவு வந்துவிட்டதோ என்று உலகெங்கும் பலர் இரவுதோறும் அண்ணாந்து பார்த்தார்கள். பின்னர் அது தேறிக்கொண்டது. தான் வீசிய வாயு குளிர்ந்து தூசாகி, அத்தூசு முகத்தை மறைத்தமையே காரணம் என்று அறிஞர் கண்டனர். இன்னும் ஓர் இலட்சம் ஆண்டுக்குள் எப்போதாவது அது வெடிக்கும் என்பது பொதுவான கருத்து. அது உண்மையாயின், கடந்த ஐந்நூறு அறுநூறு ஆண்டுக்குள் அது வெடித்து, செய்தி வழியில் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தென்வானத்து ஈட்டா கரினே என்பதைப் பற்றியும் இத்தகைய ஐயம் கொள்ளலாம். அது 7,500 ஒளியாண்டு தொலைவில் இருப்பது. 1843இல் திடீரென ஒளிர்ந்து, வானத்தில் சிரியசுக்கு அடுத்த பிரகாசத்தைச் சில காலம் பெற்றிருந்தது. ஆனால் இவ்விரண்டையுங்கூட இறந்தவை என்று விரல் நீட்டிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இறந்த பின்னும் எமக்கு உயிரோடிருந்ததாகத் தோன்றிய விண்மீன் ஒன்று உண்டென்பதை மறைக்கலாகாது. அது வெறுங்கண்ணுக்குப் புலப்பட்டதன்று. தென்வானில் பெரிய மகெல்லன் முகில் என்றொரு சிறு விண்மீன் உலகம் இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 168,000 ஒளியாண்டு. அதிலுள்ள ஒளிர் மீன்களைச் சாண்டுலீக் என்பவர் பட்டியலிட்டபோது, நீலநிறமான ஒன்று 202 என்னும் எண் பெற்றது. வானியலார் அதனைப் படமும் பிடித்திருந்தார்கள். அவர்கள் படம் பிடித்த நாளில் அது இல்லை! 1987 பெப்ரவரி 23–24 இரவு, சிலி நாட்டு மலையொன்றிலுள்ள இலாசு கம்பனாசு வானாய்வகத்தில், இயன் செல்தன் என்னும் கனேடிய இளைஞர் அந்த முகிலைப் படமெடுத்தார். தட்டைக் கழுவிப் பார்த்தபோது இருக்கக் கூடாத இடத்திற் பெரிய புள்ளியொன்று இருந்தது. தட்டிற் கறையோ என்று ஐயுற்றுக் கதவைத் திறந்து வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். வானத்திலும் அது இருந்தது. 1604ஆம் ஆண்டுக்குப் பின் வெறுங்கண்ணுக்கு நன்கு தெரிந்த முதல் விண்மீன் வெடிப்பு அதுவே.

இதில் எம்மை மேலும் வியப்பித்தது வேறொன்று. அவ்வெடிப்பின் செய்தியை ஒளி முதலிற் கொண்டுவரவில்லை. விண்மீனின் உள்ளம் இடிந்து வீழும் கணத்தில் நியூத்திரினோ என்னும் நுண்துகள்கள் எண்ணிலடங்காமற் புறப்படும். அவை எதிலும் தடைப்படா. ஒளியோ, அதிர்ச்சி விண்மீனின் மேற்பரப்பை அடையும் வரை உள்ளே காத்திருக்கவேண்டும். அதனால் நியூத்திரினோக்கள் ஏறத்தாழ மூன்று மணிநேரம் முந்திக்கொண்டன. யப்பானில் கமியோக்கா என்னும் சுரங்கத்தினுள், ஆயிரம் மீற்றர் ஆழத்தில், மூவாயிரம் தொன் தூய நீர் நிரப்பிய தொட்டியொன்று இருந்தது. அங்கே பத்துப் பன்னிரண்டு மினுக்கங்கள் பதிவாயின. யப்பானிலிருந்து அந்த முகில் ஒருபொழுதும் தெரியாது. அது எப்போதும் அவர்களின் அடிவானத்துக்குக் கீழே உள்ளது. ஆகவே அத்துகள்கள் பூமியின் மறுபக்கத்தால் நுழைந்து, பாறையெல்லாம் ஊடுருவி, தொட்டியின் அடிப்புறத்தாலே வந்தவையாகும். அன்று இவ்வுலகில் இருந்த ஒவ்வொருவரின் உடலூடாகவும், நகத்தளவு இடத்துக்குக் கோடிக்கணக்கில் அவை சென்றிருக்கின்றன. இப்பத்தியை வாசிக்கும் தாத்தா பாட்டியரூடாகவும் சென்றன. அவர்கள் அன்று என்ன சமைத்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவிராது.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு அடுத்த கிழமை வகுப்புக்குப் போனோம். “நான் சொன்னது பிழை. காட்டக்கூடிய செத்த வெள்ளி ஒன்றும் இல்லை” என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கரும்பலகையில் கணக்கையும் எழுதிக் காட்டினோம். பையனின் முகம் சிறிது வாடிற்று, ஏமாற்றந்தான். சற்று நேரத்தின் பின் அவன் மறுபடியும் எழுந்தான். “அப்ப, நான் பிறந்தபோது புறப்பட்ட வெளிச்சம் எந்த வெள்ளியில இருந்து இப்ப வருகுது, சேர்?”

பதினேழு வயதுப் பையனுக்கு விடை உடனே கிடைத்தது. திருவோணம். அதன் தூரம் 16.7 ஒளியாண்டு. அன்றிரவு காண வழியில்லை. தை மாதத்தில் அது சூரியனோடு ஒட்டி மறைந்துவிடும். ஆவணி, புரட்டாதி இரவுகளில் உச்சியை அண்டிப் பார்க்கலாம். வகுப்பு முழுவதும் தத்தம் வீட்டாரின் வயதைச் சொல்லத் தொடங்கிற்று. அன்று பாடம் நடக்கவில்லை.

வாசகர் தம் வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். எட்டரை வயதுப் பிள்ளைக்குச் சிரியசு. வானத்தில் மிகப் பிரகாசமானது, திருவாதிரைக்குத் தென்கிழக்கே இருப்பது. பதினொன்றரை வயதாயின் புரோசியன். இருபத்தைந்துக்கு அபிசித்து. முப்பத்துநான்கு வயதுத் தாய்க்குப் புனர்பூசத்து இரட்டையருள் ஒளிமிகுந்தது. முப்பத்தேழுக்குச் சுவாதி. நாற்பத்துமூன்று வயதாகிய எமக்கு வடகீழ்வானத்துப் பிரமகிருதயம். அறுபத்தைந்துக்கு ரோகிணி. இவை சாதகத்தில் எழுதும் பிறந்த நட்சத்திரங்கள் அல்ல, ஆண்டுதோறும் மாறுவன. நாற்பத்துநான்கு ஆகும்பொழுது பிரமகிருதயம் எம்மைக் கடந்துவிடும்.

அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்கள் தம் விண்மீனையும் கேட்பார்கள். அருந்ததியின் தூரம் எண்பத்திரண்டு ஒளியாண்டு அளவினது. பகற் கலியாணங்களில் ஐயர் காட்டுந் திசையில் அது தெரிவதில்லை என்பதை எல்லாரும் அறிவர், ஒருவரும் சொல்வதில்லை. பங்குனி தொடங்கி ஆனி வரை முன்னிரவில் வடக்கே நோக்கினால் வசிட்டனும் அருந்ததியும் அருகருகே தெரிவர். கண்ணுக்கு இருவர், ஆராய்ச்சிக்கு ஆறுபேர். வசிட்டன் தனித்தவனல்லன், நான்கு விண்மீன்கள். அருந்ததிக்கும் மங்கலான துணையொன்று உண்டென்பது 2009இல் தெரியவந்தது. மேலும் பின்னோக்கிச் செல்ல விரும்புவோர் அந்திரோமேடா என்னும் புகைப்படலத்தைத் தேடலாம். மார்கழி, தை முன்னிரவில் வடமேற்கே, இருட்டான இடத்தில், விரலால் துடைத்தாற்போன்ற வெண்மையாய் அது தோன்றும். 25 இலட்சம் ஒளியாண்டு. மனிதனின் முன்னோர் கல்லை உடைத்துக் கருவி செய்யத் தொடங்கிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளி.

எம் அன்னையாருக்கு எழுபத்தொன்பது. அவர் வயதுக்கு உரியது மகம். பொங்கல் கழிந்து சில நாளில், இரவு பத்து மணிபோல, முற்றத்திற் கதிரை போட்டு அவரை இருத்தி, கிழக்கே தென்னைகளின் இடையில் அதனைக் காட்டினோம். “உதுதானோ? மங்கலாக் கிடக்குது” என்றார். அடிவானத்தை அண்டி நிற்பதால் அப்படி என்று விளக்கினோம். பின்னர், இலங்கை சுதந்திரம் அடைந்த காலத்தை ஒட்டிப் புறப்பட்ட வெளிச்சம் அது என்பதையும், அவ்வாறே இங்கிருந்து புறப்படுவதும் அங்கு சேர எழுபத்தொன்பது ஆண்டு செல்லும் என்பதையும் கூறினோம். அங்கே ஒருவர் இருந்து, எவராலும் செய்யமுடியாத அத்துணைப் பெரிய கண்ணாடியால் இன்றிரவு இந்தப் பக்கம் பார்த்தால், அவர் காண்பது அம்மா பிறந்த ஆண்டின் ஊரை.

அன்னையார் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப அவைக்கு எங்கட ஐயா உயிரோடதான் தெரிவார்” என்றார்.

ஆம் என்றோம். பனி விழத் தொடங்கியிருந்தது. கதிரையை உள்ளே எடுத்து வைத்தோம்.